நாளைக்கு வரப்போகிறவனின் உயரம்

எனக்கு இங்கிலீசில் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த நீளமான வசனம் ஒன்றுதான். அதை முதன்முதலாக நாலு பேர் கேட்கச் சொன்ன இடம் பொலிஸ் ஸ்ரேசன். இரண்டாவதாகச் சொன்ன இடம் எம்பசி. மூன்றாம் இடம் என்று ஒன்று இல்லை. இந்த வயதில் இனித் தேவையும் வராது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சண்டைக் காலத்தில், கனடாவில் இருந்த என் மனுசனிடம் போவதற்காக ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை. லொட்ஜில் இருந்த எல்லோருமே எங்கேயோ போகக் காத்திருந்தவர்கள். காத்திருக்கிற ஆட்களுக்கு வேறு வேலை இல்லாதபடியால் ஆளுக்கு ஒரு கதை கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒரு கதைதான், எம்பசியில் இங்கிலீசில் பதில் சொன்னால் விசா கெதியாய்க் கிடைக்கும் என்பது. யார் சொன்னது, யாருக்குக் கிடைத்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த கிழமையே பக்கத்து வீட்டுக் கார் கராச்சில் இங்கிலீஸ் வகுப்புத் தொடங்கிவிட்டது.

படிப்பித்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சேர். ரயில்வேயில் பார்சல் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். வெள்ளைச் சேட்டு, எப்போதும் காதில் ஒரு சோக்குத் துண்டு. நல்ல மனிதர். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பார்சல்களோடு இருந்தவர் என்பதால் அவருக்கு உதாரணம் என்றால் பார்சல்தான் வரும். பார்சல் இல்லாவிட்டால் பார்சல் கொண்டு வந்த ஆள் வருவான்.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவ, லொட்ஜில் பக்கத்து அறை மாமி. லண்டனில் இருக்கிற மகளிடம் போகக் காத்திருந்தவ. நான் வாய் திறக்கமாட்டேன், அவ வாய் மூடமாட்டா. "இவள் வாய் திறக்கிறது கொட்டாவி விட மட்டும்தான் சேர்," என்று முதல் நாளே என்னை அறிமுகப்படுத்தியவ.

முதல் கிழமைகள் 'ஹூ'வோடு போயின. சேர் கரும்பலகையில் எழுதிப்போட்டு வாசிப்பார்.

"த மான் ஹூ கேம் யெஸ்ரடே."

"ஆர் வந்தது?" என்று கேட்பா மாமி.

"ஒருத்தரும் வரேல்லை அம்மா. நேற்று வந்த மனுசன் எண்டு கருத்து."

"பிறகேன் ஆர் எண்டு கேக்கிறியள்?"

"நான் கேக்கேல்லை. இந்த இடத்தில ஹூ எண்டால் ஆர் எண்டு கருத்தில்லை. அது ஒரு கொழுக்கி." சேர் பலகையில் ஒரு கொழுக்கி கீறினார். "மனுசனை முதல்ல தூக்கி மாட்டுங்கோ. பிறகு அவன் செய்ததை இந்தக் கொழுக்கியில கொழுவுங்கோ. பொருளெண்டால் விச். த பார்சல் விச் ஹி லெவ்ற். அவன் வைச்சிட்டுப் போன பார்சல்."

"ஆளுக்கு ஹூ, பார்சலுக்கு விச். நாய்க்கு?"

"நாய்க்கு விச்."

"எங்கட ஊர் வீட்டில விட்டிட்டு வந்த நாய்க்கு நான் விச் போடமாட்டன் சேர். அது ஹூதான்."

சேர் கடைசியில், சரி, அந்த ஒரு நாய்க்கு ஹூ போடலாம் என்று விட்டுக்கொடுத்தார்.

எனக்கு இந்தக் கொழுக்கி விளங்கியது. ஆனால் மனதுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தமிழில் 'நேற்று வந்த' என்று தொடங்கும்போதே கேட்கிறவருக்கு ஒரு ஆயத்தம் வந்துவிடும். பிறகுதான் மனுசன் வருவான். இங்கிலீசில் மனுசன் முன்னுக்கு வந்து நின்றுவிடுகிறான், அவன் வந்தவனா போனவனா என்று பிறகு மெதுவாகச் சொல்கிறார்கள். கதவைத் திறந்து பார்த்தால் தெரியாத ஆள் நிற்கிற மாதிரி இருக்கும்.

'ஹூ' மாமியின் கரைச்சல். என் கரைச்சல் வேறு. அது 'தான்'.

ஒன்றைவிட இன்னொன்று பெரிது, பாரம், மூப்பு என்று சொல்ல இங்கிலீசில் நடுவில் ஒரு சொல் வரும். சேர் அதை நன்றாக இழுத்து 'தான்' என்றே சொல்வார். என் காதுக்கு அது எங்கள் தமிழ்த் 'தான்' ஆகவே விழும். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒரு நாள் சேர் என்னை எழுப்பி, எம்பசியில் கட்டாயம் கேட்பார்கள், சொல்லிப் பழகுங்கோ என்று ஒரு வசனம் தந்தார்.

"மை ஹஸ்பண்ட் இஸ் ஓல்டர் தான் மீ."

ஓல்டர் என்றால் மூப்பு. மீ என்றால் நான். மூத்தவள்தான் நான் என்று சேர் வகுப்புக்கு முன்னால் சொல்கிறார். அது உண்மை. என் மனுசனைவிட எனக்கு வயது கூட. எவ்வளவு என்று இப்போதும் சொல்லமாட்டேன். எங்கள் பகுதியில் பெண் மூப்பு என்றால் சம்பந்தமே பேசமாட்டார்கள். எங்களுக்குப் பேசி முடித்த பிறகுதான் தெரியவந்தது. பெரியவர்கள் அதை அப்படியே மூடிவிட்டார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாளும் கதைத்ததில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற மனிதருக்கு யார் சொன்னது?

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"வெக்கப்படாமல் சொல்லுங்கோ பிள்ளை. உங்கட மனுசன் உங்களைவிட மூப்பு. அவ்வளவுதானே?"

அப்போதுதான் விளங்கியது, அந்தத் 'தான்' எங்கள் தான் இல்லை, 'விட' என்பதுதான் கருத்து என்று. ஒரு நிமிசம் ஆறுதல். அடுத்த நிமிசம் வேறு யோசனை. அப்படியென்றால் சேர் தந்தது பொய். உண்மையென்று நினைத்தபோது வெட்கத்தில் சொல்ல முடியவில்லை, பொய்யென்று தெரிந்தபோது பயத்தில் சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

"கொட்டாவியும் வரேல்லை," என்றா மாமி.

ஆனால் எம்பசியில் என் பிறந்த பத்திரமும் அவருடைய பிறந்த பத்திரமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். அங்கே பொய் சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே நான் ஒருவருக்கும் தெரியாமல் வசனத்தைத் திருப்பிப் போட்டேன். கொழுக்கி போட்டுச் சொன்னால் படித்த ஆட்களின் பேச்சு மாதிரி இருக்கும் என்று சேர் சொன்னதால் ஒரு கொழுக்கியும் போட்டேன். "ஐ ஆம் த வைஃப் ஹூ இஸ் ஓல்டர் தான் மை ஹஸ்பண்ட்." மனுசனைவிட மூப்பான மனுசி நான். லொட்ஜில் குளிக்கும்போது பைப்பை முழுதாகத் திறந்து வாளிச் சத்தத்தில் இதைச் சொல்லிப் பழகுவேன். தண்ணி வீணாகிறது என்று லொட்ஜ்காரர் கதவில் தட்டுவார்.

எம்பசியில் என் இன்ரவியூவுக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. சேர் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று பலகையில் பெரிய எழுத்தில் இரண்டு வசனம் எழுதினார். த மான் ஹூ கேம் யெஸ்ரடே இஸ் ரோலர் தான் த மான் ஹூ வில் கம் ருமோறோ. நேற்று வந்த மனிதன் நாளைக்கு வரப்போகிற மனிதனைவிட உயரம். இரண்டாவது, த பார்சல் விச் ஹி லெவ்ற் இஸ் ஹெவியர் தான் த பார்சல் விச் ஹி புரோட். அவன் கொண்டு வந்த பார்சலைவிட வைத்துவிட்டுப் போன பார்சல் பாரம்.

"எல்லாரும் சத்தமாய்," என்றார் சேர்.

கராச்சுக் கதவு ஒழுங்கைப் பக்கம் திறந்தபடி. அது பஸ்ஸில் ஒரு பை தனியாக இருந்தால் குண்டென்று முழுச் சனமும் இறங்கி ஓடுகிற காலம். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில், ஊரிலிருந்து வந்த நாங்கள் கொஞ்சப் பேர் ஒரு கராச்சுக்குள் இருந்து, நேற்று வந்தவனையும் நாளைக்கு வரப்போகிறவனையும், அவன் வைத்துவிட்டுப் போன பாரமான பார்சலையும் பற்றி ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாமியின் குரல்தான் மேலே கேட்டது. எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் கொழுக்கியைத்தான் பார்த்தோம்.

ஆர் அறிவித்ததோ தெரியாது. ஜீப் வந்தது.

பலகைக்குக் கிட்ட இருந்த சேரையும் என்னையும் மாமியையும் ஏற்றினார்கள். மற்றவர்களின் ஐடென்ரிக் கார்ட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் கரும்பலகையையும் ஏற்றினார்கள். எழுத்து அழியக் கூடாது, ஒருவரும் தொடக் கூடாது என்று கட்டளை. நான் இருந்த இடத்தில் பலகை என் தோளில் சாய்ந்திருந்தது. காலி வீதியில் ஜீப் ஒவ்வொரு தரம் பிரேக் போடும்போதும் நான் அதில் உரசுப்பட்டேன். எனக்கு அப்போது வேறொன்றும் ஓடவில்லை. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு இன்ரவியூ. இத்தனை வருசம் காத்திருந்து, இன்று என்னை உள்ளே வைத்துவிட்டால் அது போய்விடும். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடுவார்களோ என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஸ்ரேசனுக்குப் பொறுப்பான பெரியவரின் மேசைக்கு முன்னால் பலகையை நிறுத்தினார்கள். அவர் இங்கிலீஸ் தெரிந்தவர். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர், முஸ்லிம் ஆள், மொழிபெயர்க்க நின்றார். பெரியவர் வசனங்களை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"ஈயே ஆப்பு மினிஹா கவுத?" என்றார். நேற்று வந்த மனிதன் யார் என்று கேட்கிறார். சிங்களத்திலும் எங்களைப் போலவே 'நேற்று வந்த' முன்னுக்குத்தான் வருகிறது என்று எனக்கு அந்தப் பயத்திலும் ஓடியது.

"அப்பிடி ஒருத்தர் இல்லை ஐயா," என்றார் சேர். "அது உதாரணம்."

"இல்லாதவன் எப்படி உயரம்?"

"இலக்கணத்துக்காக உயரம்."

"நாளைக்கு வரப்போகிறவன் இன்னும் வரவில்லை. அவன் கட்டையென்று உனக்கு எப்படித் தெரியும்?"

சேர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். பென்சன் எடுத்த நாளிலிருந்து இந்த வசனத்தைப் பாவித்திருப்பார் போல, ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

பெரியவர் இரண்டாவது வசனத்துக்குப் போனார். "கொண்டு வந்ததைவிட வைத்துவிட்டுப் போனது பாரம். அப்படியென்றால் நடுவில் உள்ளுக்கு என்ன வைத்தான்?"

"அதுதானே," என்றா மாமி மெதுவாக. "நானும் யோசிச்சனான்."

"அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் சேர்.

பிறகு பெரியவர் விரலால் முதல் வசனத்தின் நடுவைத் தொட்டார். அங்கே எழுத்து இல்லை. ஒரு வெள்ளைப் புகை மாதிரித்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நீலச் சீலையின் தோள் முழுக்கச் சோக்கு. ஜீப்பில் உரசியதில் ஒரு சொல் சீலைக்கு வந்துவிட்டது. வேண்டுமென்று அழித்தேன் என்று எடுத்துக்கொண்டார்கள். சேர் சொல்ல வந்ததைப் பெரியவர் கை காட்டி நிறுத்தினார்.

"அங்க இருந்த சொல்லு என்ன?" தமிழ் தெரிந்தவர் என்னிடம் குனிந்து கேட்டார். "பயப்படாமச் சொல்லுங்க அக்கா."

வகுப்பில் வாய் திறக்காத நான் வாய் திறந்தேன். "தான்."

"எதுதான்?"

"தான்."

"அதான் கேக்கிறன். எதுதான்?"

"தான்தான்."

அவர் நிமிர்ந்து பெரியவரிடம் சிங்களத்தில் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் விளங்கியது. அழித்த இடத்தில் 'அதே ஆள்தான்' என்று இருந்ததாம், நான் இரண்டு தரம் உறுதியாகச் சொல்கிறேனாம்.

பெரியவர் கதிரையில் சாய்ந்தார். "ஆ. அப்ப நேற்று வந்தவனும் நாளைக்கு வரப்போகிறவனும் ஒரே ஆள்."

சேர் எழும்பிவிட்டார். உள்ளுக்குப் போடுவார்கள் என்ற பயத்தைவிட வசனம் பிழைத்துப்போனது அவரைக் கூடச் சுட்டது. "ஐயா, ஒரே ஆளெண்டால் தன்னைவிடத் தானே எப்பிடி ஐயா உயரமாய் இருப்பான்?"

"ராத்திரிக்குள்ள வளந்திருப்பான்," என்றா மாமி.

தமிழ் தெரிந்தவர் அதையும் மொழிபெயர்த்தார். பெரியவர் அதை எழுதப் பேனையை எடுத்து, பிறகு வைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். வகுப்பென்றால் இந்த நோனா, அதாவது நான், அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம் சொல்லட்டும், இப்போதே, இங்கிலீசில், என்றார்.

மாமி கண்ணை மூடினா. சேர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. எனக்குத் தெரிந்த பார்சல் எல்லாம் மறந்துபோயின. மான் மறந்துபோனான். வாளித் தண்ணிச் சத்தத்தில் பழகிய ஒன்றுதான் நாக்கில் கிடந்தது. அதைச் சொன்னால் மாமிக்கு விளங்கும். மாமிக்கு விளங்கினால் லொட்ஜுக்கு விளங்கும். லொட்ஜுக்கு விளங்கினால் லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் விளங்கும். சொல்லாவிட்டால் நாளைக்கு எட்டு மணி இல்லை.

"ஐ ஆம் த வைஃப்," என்றேன். மூச்சு எடுத்தேன். "ஹூ இஸ் ஓல்டர் தான் மை ஹஸ்பண்ட்."

தமிழ் தெரிந்தவருக்கு இங்கிலீஸ் மட்டு. விளங்கவில்லை என்று என்னிடமே கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவர் எல்லோருக்கும் கேட்க, "என்ன, உங்க மாப்பிள்ளைக்கு உங்கள விட வயசு கொறவா?" என்றார். வாசலில் நின்ற பொலிஸ்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் என் ஐடென்ரிக் கார்ட்டை எடுத்துப் பிறந்த திகதியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தமிழ் தெரிந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் எங்களுக்குச் சொன்னது இது: "ஐயா சொல்றாரு, எந்தப் பொம்பளையும் இதப் பொய்யாச் சொல்ல மாட்டா. வகுப்புத்தான். போகலாம். இனிப் பார்சல் வேணாமாம். மாம்பழம் போடட்டுமாம்."

பலகையை விடவில்லை. அது சாட்சியாம்.

வெளியே வர இருட்டத் தொடங்கியிருந்தது. சேர் பஸ் நிலையத்தில் நின்று, மாம்பழம், மாம்பழம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "த மாங்கோ விச் ஹி லெவ்ற்," என்றார். "சரிவரேல்லை. அதையும் வைச்சிட்டுத்தான் போறான்."

மாமி லொட்ஜ் படியில்தான் தொடங்கினா.

"அப்ப உன்ர மனுசன் தம்பியோ?"

"மாமி, பேசாமல் வாங்கோ."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? மகளுக்கு மட்டும்தான்." இரண்டு படி ஏறிவிட்டு நின்றா. "எண்டாலும் கெட்டிக்காரிதான் நீ. ஹூவையும் தானையும் ஒரே மூச்சில போட்டிட்டாய். எனக்கு இன்னும் ஹூவே ஓடேல்லை."

அடுத்த நாள் எம்பசியில் குளிர் அறை. ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழ்ப் பெண்பிள்ளை ஒருத்தி. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வடிவான தமிழில் கேட்டாள். இங்கிலீஸ் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அரை மணித்தியாலம் தமிழில் போனது. கடைசியில், "உங்கட கணவர் உங்களைவிட வயசு கூடினவரோ?" என்றாள். இவ்வளவு பாடுபட்டுப் பழகியதை வீணாக்க மனம் வரவில்லை. நேரே வெள்ளைக்காரரைப் பார்த்து முழு வசனத்தையும் சொன்னேன்.

அவர் சந்தோசப்பட்டார். வெரி குட் என்றார். பிறகு எனக்கும் விளங்கக்கூடிய மாதிரி, இங்கிலீஸ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

கராச் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வசனத்தை நான் நாலு பேர் கேட்கச் சொன்ன ஒரே இடம்தான் வாயில் வந்தது. "பொலிஸ் ஸ்ரேசன்."

பேனை நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நேற்று வந்த மனிதனையும், வைத்துவிட்டுப் போன பார்சலையும், அழிந்த சொல்லையும் மொழிபெயர்க்க வேண்டியதாய்ப் போய்விட்டது. இங்கிலீசில் இருந்து எங்கள் தலைக்கு வந்த வசனங்கள் திரும்பவும் இங்கிலீசுக்குப் போனபோது வெள்ளைக்காரருக்கே விளங்கவில்லை. என்னில் குற்றம் ஒன்றும் இல்லை என்று அதே பொலிசில் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

போனேன். பெரியவர் என்னைக் கண்டதும், "ஆ, ஓல்டர் தான் நோனா," என்றார். துண்டு அன்றைக்கே தந்தார். எங்கள் பலகை சுவரில் தொங்கியது. கீழ்ப்பாதியில் யார் யாருக்கு எந்த நேரம் டியூட்டி என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். சாட்சி என்றபடியால் மேல்பாதியை ஒருவரும் அழிக்கவில்லை. நேற்று வந்தவன் இன்னும் அங்கேதான் இருந்தான். என் சீலை எடுத்துக்கொண்டு போன இடத்தில் ஆரோ வடிவான கையெழுத்தில் 'தான்' போட்டிருந்தார்கள்.

விசா மாதக்கணக்கில் பிந்தித்தான் வந்தது. வந்த அன்று காலி வீதியில் ரெலிபோன் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று மனுசனிடம் சொன்னேன்.

"ஏன் இவ்வளவு பிந்தினது?" என்றார்.

ஒளிக்க முடியவில்லை. மாமியின் மகள் மூலம் எப்படியும் தெரியவரும். "உங்களுக்கு வயசு குறைவெண்டு சொன்னனான்."

"ஆருக்கு?"

"முதல்ல பொலிசுக்கு."

கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிறகு?"

"பிறகு எம்பசிக்கு. மாமியும் சேரும் கேட்டவை. வாசல்ல நிண்ட பொலிஸ்காரரும்."

எங்களுக்குள் அதுவரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாத விசயம் கடலுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எவ்வளவு மூப்பெண்டும் சொன்னனியோ?"

"இல்லை. அவங்கள் கேக்கேல்லை. தான் போட்டால் அளவு சொல்லத் தேவையில்லை."

அந்தப் பக்கம் 'ஹூ' என்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்போ, பெருமூச்சோ, கேள்வியோ தெரியவில்லை. ஹூ என்றால் எல்லா இடத்திலும் பதில் சொல்லத் தேவையில்லை என்று சேர் படிப்பித்திருந்தபடியால், நான் பேசாமல் இருந்தேன்.